எம்.எஸ். முடிப்பதற்குள் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது அறுவை சிகிச்சை எம்.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பட்டத்துக்கான ஆய்வேடான தீசிஸ் பாதியில் நிற்கிறது. கட்டுரை ஒன்று வெளியிட வேண்டும் என்று துறையில் சொல்கிறார்கள். பணம் கட்டினால் சில நாளில் போட்டுத் தருகிறோம் என்று தினமும் மெயில் வருகிறது, சீனியர்கள் சிலர் அந்த வழியில் முடித்தும்விட்டார்கள். அடுத்த உயர் சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். தேர்வில் கட்டுரைக்கு மார்க் கிடையாது. டியூட்டிக்கு நடுவே இதற்காக உண்மையாக உழைப்பதில் பலன் உண்டா, உண்டென்றால் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்.

பல வருடங்களாகப் பிஜிக்களுக்கு, அதாவது பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு, ஆய்வு வழிகாட்டியான கைடாக இருந்திருக்கிறேன், இதழ்களுக்குக் கட்டுரைகளை மதிப்பிட்டும் தந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பலன் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அந்த வேலை இல்லை. கட்டுரை எழுதுவது சில வார வேலை. அது நல்ல கட்டுரையா இல்லையா என்பது அதற்கு வெகு முன்பே, வார்டில் நீங்கள் நோயாளி விவரப் படிவமான புரொஃபார்மாவை நிரப்பும் நாளிலும், டிஸ்சார்ஜ் ஆன நோயாளிக்கு முப்பதாம் நாள் போன் செய்கிறீர்களா என்பதிலும் முடிவாகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் இருப்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் விதி. மருத்துவக் கவுன்சிலின் 2000-ம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு விதிகளில், தேர்வு எழுத வேண்டுமானால் ஒரு போஸ்டர், மாநாட்டில் ஒரு பேப்பர், ஓர் ஆய்வுக் கட்டுரை என மூன்றும் வேண்டும் என்று இருந்தது. கட்டுரை வெளியாகியிருக்கலாம், ஏற்கப்பட்டிருக்கலாம், அனுப்பப்பட்டிருந்தாலும் போதும். அந்தக் கடைசிச் சலுகைதான் இந்த வேலையை வெறும் சடங்காக்கியது என்பது என் கருத்து. கடைசி மாதத்தில் எதையாவது எங்கேயாவது அனுப்பி, அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து லாக் புக்கில் ஒட்டினால் முடிந்தது. இப்போது 2023 விதிகள் வந்துவிட்டன. உங்கள் பேட்ச்சுக்கு எது பொருந்தும் என்று சீனியர் வாய்வழியாகச் சொல்வதை நம்பாமல், துறை அலுவலகத்தில் அந்தச் சுற்றறிக்கையையே வாங்கிப் படியுங்கள். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆய்வு முறைமை அடிப்படைப் படிப்பு பிஜிக்களுக்குக் கட்டாயம். நிறுவனம் இருப்பது நம் அயப்பாக்கத்தில்தான், படிப்பு ஆன்லைனில். இரவு டியூட்டியில் வீடியோவை ஓட விட்டுச் சான்றிதழ் வாங்குபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆய்வு வகைகள், மாதிரி அளவு, ஒழுங்குமுறை பற்றி அதில் சொல்வது அப்படியே உங்கள் தீசிஸுக்குத் தேவைப்படும்.

நீட் எஸ்.எஸ். பற்றிச் சொன்னீர்கள், உண்மைதான். உயர் சிறப்பு அறுவைப் படிப்பான எம்.சிஎச். இடம் தரவரிசையில் கிடைக்கிறது, கட்டுரையால் ஒரு மார்க்கும் ஏறாது. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ரெசிடென்ட்கள் பலர் ஓரிரு வருடம் அறுவை சிகிச்சையை விட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. இருப்பது மூன்று வருடம், அதிலும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணிக்குப் போய்விடும். ஆகவே பத்துக் கட்டுரை எழுதும் ஆசை வேண்டாம். ஒன்று போதும்.

அந்த ஒன்றுக்கு ஏன் உழைக்க வேண்டும்? நம் அரசு மருத்துவமனையின் ஒரு யூனிட்டில் ஒரு அட்மிஷன் நாளில் வரும் குடல் துளை, சர்க்கரைப் புண், வயிற்றில் அடிபட்ட விபத்து நோயாளிகளை வெளிநாட்டில் ஒரு பயிற்சி மருத்துவர் பார்க்க எவ்வளவு காலம் ஆகும் என்று யோசியுங்கள். அத்தனை அனுபவமும் கேஸ் ஷீட்டில் மூன்று வரியாகச் சுருங்கி, பழைய கோப்புகள் இருக்கும் எம்ஆர்டி அறைக்குப் போய்த் தூசியாகிறது. அடுத்த வருடம் வரும் பிஜி மறுபடி சுழியத்திலிருந்து கற்றுக்கொள்கிறார். நம் நோயாளிகளுக்கு என்ன பலன் தருகிறது என்பதை நம் நோயாளிகளிடம் பார்த்து எழுதுபவர் குறைவாக இருப்பதால், வேறு நாட்டு எண்களை வைத்து இங்கே முடிவெடுக்கிறோம். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இதே ஊரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைத்துத் தரும் சிகிச்சையையும் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடுவதையும் ஒப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை எந்த விதத்திலும் குறைவில்லை என்று தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை மாறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நெரிசலான சென்னைத் தெருக்களில் இருந்த ஏழை நோயாளிகளை வீடு வீடாகப் போய், வருடக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்ததால்தான் அந்த முடிவை யாராலும் ஒதுக்க முடியவில்லை.

அறுவை சிகிச்சையிலேயே உதாரணம் வேண்டுமென்றால் ஸ்டான்லி மருத்துவமனையைச் சொல்வேன். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு வரும் நோயாளிகளுக்கு, அதே விரலின் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் ஒரு முறையை டாக்டர் ஆர். வெங்கடசாமியும் டாக்டர் என். சுப்பிரமணியனும் 1980-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி இதழ் ஒன்றில் எழுதினார்கள். இன்றும் உலகெங்கும் கையறுவை நிபுணர்கள் அதை ‘வெங்கடசாமி ஃபிளாப்’ என்றே சொல்கிறார்கள். அதற்கு விலையுயர்ந்த கருவியோ மரபணு ஆய்வகமோ தேவைப்படவில்லை. அந்த வார்டுக்குத் திரும்பத் திரும்ப வந்த ஒரு காயத்துக்கு விடை தேடினார்கள், தேடியதை ஒழுங்காக எழுதி வைத்தார்கள்.

சரி, உங்கள் தீசிஸுக்கு வருவோம். நம் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் களஞ்சியத்தில் பழைய தீசிஸ்கள் முழுதாகவே கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் தலைப்பைத் தேடிப் பாருங்கள். அப்பென்டிசைட்டிஸில் (குடல்வால் அழற்சி) அதைக் கணிக்கும் அல்வராடோ ஸ்கோர், குடல் துளையில் ஆபத்தை அளக்கும் மான்ஹைம் இன்டெக்ஸ், கணைய அழற்சியில் இந்த ஸ்கோரா அந்த ஸ்கோரா, சர்க்கரைப் புண்ணில் வாக்கம் டிரெஸ்ஸிங் என்று ஒரே தலைப்புகள் வருடா வருடம் வந்திருக்கும். தலைப்பு பழசாக இருப்பது குற்றம் இல்லை. அல்வராடோ ஸ்கோர் 1986-ல் வந்தது, இன்னும் அதைப் பற்றி நல்ல கட்டுரைகள் வருகின்றன. ஆனால் ‘அல்வராடோ ஸ்கோரின் பயன் – ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் அங்கே கேள்வியே இல்லை. உங்கள் கேஷுவாலிட்டியில் இரவில் அல்ட்ராசவுண்ட் கிடைக்காமல், ஸ்கோரையும் கையால் தொட்டுப் பார்ப்பதையும் மட்டும் வைத்து அறுவைக்கு எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு பயாப்ஸியில் குடல்வால் சாதாரணமாக இருந்தது, பகலில் ஸ்கேன் பார்த்து எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அப்படி இருந்தது? இது கேள்வி. இதற்கு விடை உங்கள் ஆஸ்பத்திரியில் மட்டுமே இருக்கிறது, மதுரையிலும் சேலத்திலும் இரவு டியூட்டி பார்ப்பவருக்கும் அது உதவும்.

இன்னொன்று. சர்க்கரைப் புண்ணோடு வருபவர்கள் காலில் காயம் பட்ட நாளிலிருந்து நம்மிடம் வந்து சேர எத்தனை நாள் ஆனது, நடுவில் யார் யாரிடம் காட்டினார்கள், கடைசியில் விரலோடு முடிந்ததா, முழங்காலுக்குக் கீழா, மேலா? ஒரே பக்கப் புரொஃபார்மாவில் அடங்கும் ஆய்வு இது. பணச்செலவு கிடையாது. வார்டில் நோயாளியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். இப்படி உங்கள் ரவுண்ட்ஸில் தானாக எழும் கேள்விகளைச் சட்டைப்பை நோட்டில் குறித்து வையுங்கள். கைடு தரும் தலைப்புக்குள்ளேயே அப்படி ஒரு கேள்வியை நுழைக்க முடியும், பெரும்பாலான சீஃப்கள் அதற்குச் சம்மதிப்பார்கள்.

புரொஃபார்மா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரைகள் வீணாவது இங்கேதான். தீசிஸ் புரொஃபார்மா என்றால் பெயர், தொழில், சமூகப் பொருளாதார நிலை, குடும்ப வரலாறு என்று நான்கு பக்கம் போட்டுவிடுகிறோம். பாதி காலியாகவே இருக்கும். உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் விவரங்கள் எவை, அந்த விடையைக் குழப்பக்கூடியவை எவை, இவற்றை மட்டும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரையறையை முதல் நோயாளிக்கு முன்பே எழுதி வையுங்கள். ‘சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை’ என்றால் எந்த அளவுக்கு மேல்? ‘காயத் தொற்று’ என்றால் சீழ் வந்தாலா, சிவந்தாலே போதுமா? இதை முதலில் முடிவு செய்யாவிட்டால், ஜூன் மாதம் நீங்கள் ஒரு விதமாகவும், நவம்பரில் உங்கள் கோ-பிஜி வேறு விதமாகவும் நிரப்புவீர்கள். அப்புறம் எந்த ஸ்டாட்டிஸ்டீஷியனாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

காயத் தொற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகமெங்கும் பயன்படும் வரையறைப்படி மேலோட்டமான தொற்றை 30 நாள் வரை பார்க்க வேண்டும். குடலிறக்க (ஹெர்னியா) அறுவை போன்ற சிலவற்றில் ஆழத்தில் வரும் தொற்றை 90 நாள் வரை பார்க்க வேண்டும். நாம் ஹெர்னியா நோயாளியைச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வார்டில் இருந்தவரை பார்த்துவிட்டு ‘தொற்று இல்லை’ என்று எல்லா நோயாளிகளின் விவரமும் சேரும் மாஸ்டர் சார்ட்டில் போட்டால், அது நோயாளிக்குத் தொற்று வரவில்லை என்று சொல்லாது, நாம் பார்க்கவில்லை என்று மட்டுமே சொல்லும். மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது இதைத்தான். ஜிஎச்சுக்கு, அதாவது சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு, வருபவர்களில் பலர் சென்னைக்காரர்கள் கிடையாது. திருவண்ணாமலையிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வருவார்கள், தையல் பிரிக்கக்கூட ஊரிலேயே பார்த்துக்கொள்வார்கள். அதனால் சேர்க்கும்போதே இரண்டு போன் நம்பர் வாங்குங்கள், ஒன்று நோயாளியுடையது, இன்னொன்று வீட்டில் வேறு யாருடையதாவது. முப்பதாம் நாள் கூப்பிட்டு முன்பே எழுதி வைத்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: சீழ் வந்ததா, காய்ச்சல் இருந்ததா, வேறு டாக்டரிடம் காட்டினீர்களா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா. காயத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதானால் அதற்கும் ஒப்புதல் படிவத்தில் இடம் வையுங்கள். இந்தப் போன் கால்கள் உங்கள் கட்டுரைக்குச் செய்யும் உதவியை எந்தக் கணக்கு மென்பொருளும் செய்யாது.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நோயாளிக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கு ஒரு கட்டம். ‘சுமார் 3 நாள்’ என்று எழுதாதீர்கள், 3 என்று எழுதுங்கள். பெயரும் போன் நம்பரும் தனித் தாளில் பூட்டி இருக்கட்டும், மாஸ்டர் சார்ட்டில் குறியீட்டு எண் மட்டும்.

மாதிரி அளவு. நம் தீசிஸ்களில் வழக்கமாக வரும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: நான்கையும், எதிர்பார்க்கும் சதவீதத்தையும், நூறில் அதன் மீதியையும் பெருக்கி, ஏற்கக்கூடிய பிழையின் இருமடியால் வகுப்பது. ஒரு சிக்கல் 20% பேருக்கு வரும் என்று எதிர்பார்த்து, 5% பிழை வரை ஏற்றுக்கொண்டால் 256 பேர் வேண்டும். நடப்பது என்னவென்றால், 50 பேர் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற பிழையைப் பின்னோக்கிப் போடுகிறார்கள். 50 பேர் வைத்தால் பிழை 11 சதவீதத்துக்கும் மேல் போகும். அதாவது நீங்கள் கண்ட 20% உண்மையில் 9-ஆகவும் இருக்கலாம், 31-ஆகவும் இருக்கலாம். 50 பேர் மட்டுமே கிடைக்கும் என்றால் அதை ஒளிக்க வேண்டாம். அந்த இடைவெளியைக் கட்டுரையிலேயே எழுதுங்கள். ஆனால் ஸ்டாட்டிஸ்டீஷியனை டேட்டா முடிந்தபின் பார்க்காமல் ஆய்வுத் திட்டமான புரொட்டோகால் எழுதும்போதே ஒரு அரை மணி நேரம் பாருங்கள்.

இரண்டு முறைகளை ஒப்பிடும் ஆய்வில் இது இன்னும் முக்கியம். ‘இந்தக் குழுவில் 30, அந்தக் குழுவில் 30, வித்தியாசம் இல்லை’ என்று முடியும் தீசிஸ்கள் நிறைய. வித்தியாசம் இருந்திருந்தாலும் அத்தனை பேரை வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதுதான் அதற்குச் சரியான பொருள். 2022-ல் லான்செட் இதழில் வந்த சீட்டா ஆய்வைப் பாருங்கள். வயிற்றை மூடும் முன் எல்லோரும் கையுறையை மாற்றி, புதிய ஸ்டெரைல் கருவிகளை எடுத்தால் காயத் தொற்று குறையுமா என்ற எளிய கேள்வி. இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,301 நோயாளிகள். தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16.0-ஆகக் குறைந்தது. அந்த மூன்று சதவீத வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள அத்தனை ஆயிரம் பேர் தேவைப்பட்டார்கள். நம்மைப் போன்ற மருத்துவமனைகளில், நம்மைப் போன்ற நோயாளிகளிடம் செய்தது என்பதால் இதை நான் எல்லாப் பிஜிக்களிடமும் படிக்கச் சொல்வேன்.

அதிலிருந்து ஒரு வழியும் திறக்கிறது. தனியாளாக 30 பேரை வைத்துத் திண்டாடுவதற்குப் பதில், பல மருத்துவமனைப் பயிற்சி மருத்துவர்கள் சேர்ந்து ஒரே புரொஃபார்மாவில் டேட்டா சேர்க்கும் முறை இங்கிலாந்தில் பதினைந்து வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. காயத்தின் ஓரத்தைப் பாதுகாக்கும் பிளாஸ்டிக் வளையத்தால் தொற்று குறைகிறதா என்று 760 நோயாளிகளிடம் பார்த்த ரொசினி ஆய்வு அப்படிப் பயிற்சி மருத்துவர்கள் கூட்டாக நடத்தியது. 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, வளையத்தால் பலன் இல்லை என்பது முடிவு. கொரோனா காலத்தில் கோவிட்சர்ஜ் குழு 116 நாடுகளிலிருந்து 1,40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, தொற்று வந்தபின் அறுவையை எத்தனை வாரம் தள்ளிப்போடுவது நல்லது என்று சொன்னது. ஏழு வாரம் என்ற அந்த விடையை நாமும் பயன்படுத்தினோம். அதற்கு விவரம் சேர்த்தவர்களில் ஏராளமானோர் பயிற்சியில் இருந்தவர்கள். ஜிஎச், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் எல்லாம் ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. நான்கு இடத்திலும் உங்கள் யு.ஜி. பேட்ச் நண்பர்கள் பிஜியாக இருப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரே கேள்வியை எடுத்தால் 50 என்பது 200 ஆகும். ஒவ்வொரு கல்லூரியிலும் எத்திக்ஸ் ஒப்புதல் தனித்தனியாக வாங்க வேண்டும், கைடுகள் தங்களுக்குள் பேச வேண்டும், அலைச்சல்தான். இருந்தாலும் இந்த ஊரில் இது ஏன் வழக்கமாகவில்லை என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எத்திக்ஸ் கமிட்டி என்றதும் ஒன்று. பழைய கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்து எழுதும் ஆய்வுக்கும் ஒப்புதல் வேண்டும். கமிட்டி நினைத்தால் நோயாளியின் ஒப்புதலிலிருந்து விலக்குத் தரலாம், ஆனால் அந்த விலக்கைக் கமிட்டிதான் தர முடியும், நாமே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சிகிச்சையை நீங்களே ஒதுக்கி ஒப்பிடுகிறீர்கள் என்றால் அது டிரையல். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். ஆய்வு தொடங்கிய பின் வரும் பதிவுகளை 2018 ஏப்ரல் 1 முதல் அவர்கள் ஏற்பதில்லை. பதிவு இலவசம். நல்ல ஆய்வைச் செய்து முடித்துவிட்டு, இந்த ஒரு பதிவு இல்லாததால் நல்ல இதழ்கள் கதவைச் சாத்திய பிஜிக்களைப் பார்த்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், அந்தக் கட்டத்தில் செய்வதற்கும் ஒன்றும் இருக்காது.

கேஸ் ரிப்போர்ட் போதாதா என்று பலர் கேட்பார்கள். அபூர்வமான கேஸ் என்றால் எழுதலாம், எழுதிப் பழக நல்ல வழி. அறுவை சிகிச்சைக் கேஸ் ரிப்போர்ட்டுக்கு 2016-ல் வந்த ஸ்கேர் வழிகாட்டி இருக்கிறது, அதன்படி எழுதுங்கள். நோயாளியின் எழுத்து மூலமான சம்மதம் கட்டாயம், முகம் தெரியாத படமாக இருந்தாலும் சரி. ஆனால் பல நல்ல இதழ்கள் கேஸ் ரிப்போர்ட் வாங்குவதையே நிறுத்திவிட்டன.

இப்போது அந்த மெயில்கள். ‘மதிப்புக்குரிய பேராசிரியரே’ என்று பிஜியை அழைத்து, மூன்று நாளில் மதிப்பீடு முடித்து ஒரு வாரத்தில் வெளியிடுவோம் என்று சொல்லும் இதழில் மதிப்பீடே நடப்பதில்லை. உண்மையான மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். இப்படிப்பட்ட இதழ்களை ஆராய்ந்து 2015-ல் வந்த ஓர் ஆய்வு, 2014-ல் மட்டும் ஏறத்தாழ 4,20,000 கட்டுரைகள் அவற்றில் வந்ததாகக் கணக்கிட்டது. எழுதியவர்களில் இந்தியர்கள் கணிசமான பங்கு. அதில் எத்தனை பிஜிக்களின் உழைப்பு அங்கே போய்ப் புதைந்திருக்கும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அங்கே போட்ட கட்டுரையைத் திரும்ப எடுத்து நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது, ஏற்கெனவே வெளியானது என்று தள்ளிவிடுவார்கள். நாளை நீங்கள் உதவிப் பேராசிரியராகிப் பதவி உயர்வு கேட்கும்போதும் அது உதவாது. ஆசிரியர்களுக்காக 2022-ல் வந்த விதிகள் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ், எம்பேஸ், ஸ்கோபஸ், டிஓஏஜே போன்ற இதழ்ப் பட்டியல்களில் உள்ள இதழ்களைத்தான் கணக்கில் எடுத்தன.

எப்படிக் கண்டுபிடிப்பது? இதழின் முகப்பில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஸ்கோபஸில் இருக்கிறது என்றால் ஸ்கோபஸ் தளத்திலேயே போய்த் தேடுங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் என்றால் கிளாரிவேட் நிறுவனம் தருவதுதான், வேறு பெயரில் வரும் எண்களுக்கு மதிப்பில்லை. கூகுள் ஸ்காலரில் வருகிறது என்பது தகுதி ஆகாது. எளிய வழி ஒன்று: உங்கள் தீசிஸுக்காக நீங்களே படித்துப் பயன்பட்ட கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன என்று பாருங்கள். உங்கள் கட்டுரையைப் படிக்கப்போகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பணம் கட்டினாலே போலி என்றும் நினைக்க வேண்டாம். எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன, சிலவற்றில் லட்சங்களில். பிஜிக்கு அது தேவையில்லை. இந்திய அறுவை சிகிச்சையாளர் சங்கத்தின் இந்தியன் ஜர்னல் ஆஃப் சர்ஜரியை ஸ்பிரிங்கர் வெளியிடுகிறது, சந்தா வழியில் போட்டால் எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டாம். 1938-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் தலைமையகம் சேப்பாக்கத்தில், நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கிளை மாநாட்டில் பேப்பர் படியுங்கள், அங்கே எழும் கேள்விகள் மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் கேள்விகளாகவே இருக்கும்.

தீசிஸ் டைப் செய்து பைண்டிங் போடும் கடைகளில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸும் நாங்களே போட்டுத் தர்றோம், கட்டுரையும் எழுதித் தர்றோம்’ என்று ஒரு ரேட் சொல்வார்கள். கணக்கில் உதவி வாங்குவதில் தவறில்லை, உதவியவரின் பெயரை நன்றியில் போடுங்கள். ஆனால் உங்கள் பெயரில் வரும் எழுத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். சாட்ஜிபிடி போன்றவற்றை ஆங்கிலம் திருத்தப் பயன்படுத்தினால் கட்டுரையில் சொல்லிவிடுங்கள், பெரும்பாலான இதழ்கள் அதைக் கேட்கின்றன. மேற்கோள்களை மட்டும் அதனிடம் விடாதீர்கள். இல்லாத கட்டுரைக்குப் பொருத்தமான பெயரும் வருடமும் போட்டுத் தரும். ஒவ்வொன்றையும் பப்மெட்டில் திறந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வரிசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். சர்வதேச இதழாசிரியர் குழுவின் நிபந்தனைகள் நான்கு: ஆய்வின் திட்டத்திலோ டேட்டாவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். கேள்வியைச் செதுக்கி, டேட்டாவைச் சரிபார்த்து, நான்கு தடவை திருத்தித் தரும் கைடுக்கு அந்த இடம் நியாயமாகவே உண்டு. எதிலும் கலந்துகொள்ளாதவரின் பெயரைச் சேர்க்கச் சொன்னால் பிஜி மறுப்பது கடினம், எனக்குத் தெரியும். உங்கள் தீசிஸில் கையெழுத்துப் போடுபவரோடு மூன்றாம் ஆண்டில் வாதாட முடியாது. அதனால்தான் இந்தப் பேச்சைப் புரொட்டோகால் கட்டத்திலேயே, யாருக்கும் மனவருத்தம் வராத நேரத்தில் பேச வேண்டும். ‘சார், தீசிஸிலிருந்து வரும் கட்டுரையில் நான் முதல் பெயர், யார் யார் என்ன வேலை செய்வது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாமா’ என்று மரியாதையாகக் கேட்டு, பேசியதை ஒரு மெயிலாக அனுப்பி வையுங்கள். உங்களுக்கு டேட்டா சேர்த்துத் தந்த கோ-பிஜியையும் அந்த மெயிலில் மறக்காதீர்கள். பிஜிக்களுக்கு அநியாயம் செய்வது பேராசிரியர்கள் மட்டும் கிடையாது.

எழுதுவது கடைசி. தீசிஸ் நூறு பக்கம், கட்டுரை மூவாயிரம் சொல்லுக்குள். பாடப்புத்தகத்திலிருந்து வந்த அனாட்டமி, வரலாறு எல்லாம் முழுதாகப் போக வேண்டும். முதலில் அட்டவணைகளைப் போடுங்கள், மூன்று போதும். அப்புறம் செய்முறை, முடிவுகள். அதற்குப் பின் விவாதம். முன்னுரையைக் கடைசியில் எழுதினால் நேராக வரும். பி மதிப்பு மட்டும் போடாமல், உண்மையான எண் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று சொல்லும் நம்பக இடைவெளியும் போடுங்கள். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேர் தொடர்பில் இல்லாமல் போனார்கள் என்பதை மறைக்காதீர்கள். நூறு பேரும் முழுதாகத் திரும்பி வந்ததாகச் சொல்லும் சென்னைக் கட்டுரையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். உங்கள் தீசிஸ் களஞ்சியத்தில் ஏறியிருந்தால் நகல் சோதனையில் அதனோடு பொருந்தும் என்பதால், அது என் தீசிஸ்தான் என்று ஆசிரியருக்கான கடிதத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுதிச் சரிசெய்து அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். முதல் தடவையிலேயே ஏற்கப்பட்ட கட்டுரைகள் மிகக் குறைவு.

இத்தனைக்கும் மாதங்கள் ஆகும், நடுவில் நீங்கள் தேர்வு எழுதி வெளியே போயிருப்பீர்கள். அதனால் தொடர்புக்குக் கல்லூரி மெயிலைக் கொடுக்காமல் எப்போதும் திறக்கக்கூடிய சொந்த மெயிலைக் கொடுங்கள். பெயர் நீக்கிய மாஸ்டர் சார்ட்டையும் வரையறைத் தாளையும் கைடிடம் ஒரு பிரதி விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் ஜூனியர் அதே புரொஃபார்மாவில் அடுத்த இரண்டு வருடத்து நோயாளிகளைச் சேர்க்கட்டும்.